சூளை தின்ற பெயர்

சூளை வாயை அடைத்திருந்த முதல் செங்கல்லைப் புருஷன் வென்டலின் பிடுங்கியதுமே வால்புர்கா பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டு பானை வாங்க நின்றாள். மூன்று நாள் ஆறவிட்டும் சூளைக்குள் சூடு இன்னும் குந்தியிருந்தது, திறந்த ஓட்டை வழியே வந்து முகத்தில் அறைந்தது, கூடவே அந்த வாடை, தீ உச்சத்தில் இருக்கும்போது உள்ளே வீசிய உப்பின் வாடை, கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் பாவாடையிலும் தலைமுடியிலும் ரொட்டியிலும் குடியிருக்கிற வாடை. பின்னால் வால்நட் மரத்தடியில் லாம்பெர்ட்டின் வண்டி நிற்கிறது. கோவேறு கழுதை மூக்கைச் சீறுகிறது. விடிந்ததும் விடியாததுமாக வந்து நிற்கிறான், மகளுடைய கல்லறைப் பலகையை வாங்கிப் போக. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எதற்குப் பார்க்க வேண்டும்? அந்த முகத்தைப் பார்க்கிற நேரம் ஒன்று வரும், இன்னும் கொஞ்ச நேரத்தில் வரும், அப்போது கண் கொட்டாமல் பார்த்துக்கொள்ளலாம். பலகை கடைசியாகத்தான் வெளியே வரும். தட்டையானதையெல்லாம் பின்சுவரோரம் சாய்த்து அடுக்குவது வென்டலினின் வழக்கம், அவனுடைய அப்பாவின் வழக்கம், ஜெர்மனியில் வெஸ்டர்வால்ட் மலையில் அவன் பரம்பரையே செய்த வழக்கம். முன்னால் இருக்கிற ஜாடி, குடம், ஊறுகாய்த் தாழி எல்லாம் கையில் வாங்கி வைக்கோலில் இறக்கின பிறகுதான் பலகை. ஒன்பது வருஷம் பொறுத்தவளுக்கு ஒரு காலைப்பொழுது பெரிதா என்ன. இந்த மிசௌரிக் காட்டில் மரச்சிலுவை நட்டால் நாலு மழையில் இற்றுப்போகும், கல்லில் வெட்டுகிற ஆள் வேண்டுமென்றால் செயின்ட் லூயிஸ் வரை போக வேண்டும், அதனால் இந்தப் பக்கத்து ஜெர்மன்காரர்கள் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் வென்டலினிடம் வருகிறார்கள். சுட்ட களிமண் பலகை, உப்பு மெருகு, நீலத்தில் ஒரு பறவை, நீலத்தில் பெயர். மழையும் பனியும் அதை ஒன்றும் செய்யாது. பறவை வென்டலின் வரைவது. பெயர் வால்புர்கா எழுதுவது, ஏனென்றால் அவள் அப்பா கோயில்பிள்ளையாக இருந்தவர், பெண்பிள்ளைகளுக்கும் எழுத்துச் சொல்லிக்கொடுத்தார். வென்டலினுக்கோ தன் பெயரை எழுதச் சொன்னால் வியர்த்துவிடும். நீலம் எப்படிப்பட்ட நீலம் தெரியுமா? பச்சை மண்ணில் தடவும்போது அது நீலமே இல்லை, சேற்றுக் கறுப்பு. தீதான் அதை நீலமாக்கும். லாம்பெர்ட் மகளுடைய பலகையில் எழுதின அன்றைக்கு அவள் நீலக் கிண்ணத்தைத் தொடவே இல்லை. வேலியோரத்தில் கொத்துக் கொத்தாகத் தொங்குகிற காட்டுப்பழத்தைப் பிழிந்து, துணிக்குச் சாயம் போடுகிற அந்தக் கருஞ்சிவப்புச் சாற்றைப் பிழிந்து, அதில் அடுப்புக்கரியைக் குழைத்து, அழகாக, கோயில் புத்தகத்து எழுத்து மாதிரி, ஆஃப்ரா என்று எழுதினாள். பார்ப்பதற்கு அதே கறுப்பு. தீயில் போட்டால் வெறும் புகை. சாறும் கரியும் முதல் நாள் நெருப்புக்கே தாங்கியிருக்காது.

ஒரு குடம் வந்தது. வாங்கினாள். இன்னும் கதகதப்பு. ஒரு குவளை வந்தது. இதே மாதிரி ஒரு குவளையைத்தான் ஒன்பது வருஷத்துக்கு முன்னாலும் கையில் வைத்திருந்தாள், வெந்நீரோடு, கப்பலின் கொதிகலன் பக்கம் வரிசையில் நின்று, ஒருத்தியோடு சண்டை போட்டு, ஒரு குவளை வெந்நீர் வாங்கிக்கொண்டு, சூடு கையைப் பொசுக்கப் பொசுக்க ஓடிவந்தாள், ஓடிலியாவுக்குக் கொடுக்க. தங்கை. பதினாறு வயது. நியூ ஆர்லியன்ஸில் இறங்கி மறு கப்பல் ஏறி மிசிசிப்பியில் மேலே மேலே போய்க்கொண்டிருந்தார்கள், நீராவிக் கப்பலின் அடித்தளத்தில், விறகுக்கும் பன்றிக்கும் நடுவில், இருநூறு பேர். காலரா ஏறிக்கொண்டது அவர்களோடு. அதற்கு டிக்கெட் வேண்டாமே. வென்டலின் காய்ச்சலில் கிடந்தான், கூப்பிட்டால் அம்மா அம்மா என்பான். ஓடிலியாவுக்கு விடியற்காலையில் வாந்தி தொடங்கியது. இரண்டே இரண்டு தடவை. இரண்டு தடவை வாந்தி எடுத்தால் காலராவா? பச்சைத் தண்ணீர் குடித்ததாக இருக்கக் கூடாதா? பயத்தில் எடுத்ததாக இருக்கக் கூடாதா? வெந்நீர் குடித்திருந்தால் நின்றிருக்கும். நின்றிருக்கும் என்றுதான் வால்புர்கா இன்றைக்கும் சொல்வாள், யார் கேட்டாலும். யாரும் கேட்பதில்லை. திரும்பி வந்தபோது பாய் இருந்தது. பாயில் தங்கை இல்லை. விறகு ஏற்றக் கப்பல் கரையில் நின்றதும், மணி அடித்ததும், சக்கரம் மறுபடி சுழன்றதும் அவள் காதில் விழுந்தவைதான், அந்த இரைச்சலில் வரிசையில் நின்றவளுக்கு அதெல்லாம் என்ன. எங்கே, எங்கே, எங்கே என்று அவள் கத்தினாள். நோயாளியைக் கரையில் இறக்கிவிட்டோம், கேப்டன் உத்தரவு, என்றான் கப்பல்காரன் ஒருத்தன், அதுவும் புரியாத பாஷையில், கையைக் காட்டிக் காட்டி. யார் சொன்னார்கள் அவளுக்கு நோய் என்று? கப்பல்காரன் கை நீட்டினான். அடுத்த பாயில் உட்கார்ந்திருந்தான் லாம்பெர்ட். பக்கத்தில் வயிறும் பிள்ளையுமாக அவன் பெண்டாட்டி. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான், படுபாவி. குவளை கையிலிருந்து விழுந்ததா, அவளே எறிந்தாளா, இன்று வரை தெரியவில்லை. எந்தக் கரை என்றும் தெரியவில்லை. அன்றைக்கு ஒரு நாளில் மட்டும் கப்பல் நாலு விறகுத் துறையில் நின்றதாம், ஒவ்வொருத்தர் ஒவ்வொன்று சொன்னார்கள். அந்த ஆற்றங்கரை நெடுக விறகுத் துறைதான். நரி இழுத்ததோ, வெள்ளம் இழுத்ததோ, எந்தப் புண்ணியவானாவது ஒரு குழி வெட்டினானோ. பெயர் கேட்டிருப்பார்களா? அவளுக்குத்தான் ஒரு வார்த்தை இங்கிலீஷ் வராதே. பெயர் இல்லாமல் போய்விட்டாள். அதுதான் நெஞ்சில் முள்ளாகத் தைத்து நிற்பது. செத்தவர்கள் செத்தார்கள், எல்லார் வீட்டிலும்தான் சாகிறார்கள், ஆனால் ஊர்க்காரர்களுக்கெல்லாம் கோணாமல் பெயர் எழுதிக் கொடுக்கிற கைக்குத் தன் தங்கை பெயரை எழுத ஒரு ஜாண் மண் இல்லை.

"பிடிச்சியா?" என்றான் வென்டலின் உள்ளிருந்து. பிடித்தாள். பெரிய தாழி, முட்டைக்கோஸ் ஊறப்போடுவதற்கு, சாராயக்கடை ஹெர்மன் கேட்டிருந்தது. நல்ல மெருகு, ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக விழுந்திருக்கிறது. சூளை நல்லபடி வெந்திருக்கிறது. நல்லபடி வெந்தால் எல்லாம்தான் வெந்திருக்கும். பயமா? சீ, என்ன பயம். லாம்பெர்ட்டுக்கு இது வேண்டும். அவன் பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சி, அவளுக்குத் தொற்றிவிடும் என்று பயந்துதானே, புர்கா, அவன் சொன்னான், நாமாக இருந்தாலும் அப்படித்தானே, என்பான் வென்டலின், ஏசுநாதருக்கு அடுத்த சாது. இருக்கட்டும். அவன் பெண்டாட்டியும் பிழைக்கவில்லை, பிள்ளையைப் பெற்றுப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிவிட்டாள். பிள்ளை பிழைத்தது. ஓடிலியாவைக் கரையில் தள்ளிவிட்டுக் காப்பாற்றின பிள்ளை, எட்டு வருஷம் ஓடி ஆடி, கோயிலில் அப்பனுக்குப் பக்கத்தில், சரியாக வால்புர்காவின் முன்பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு. இந்தத் திருச்சபை இத்தனை பெரிய அமெரிக்காவில் இந்த இரண்டு குடும்பத்தையும் கொண்டுவந்து முன்னும் பின்னுமாக உட்கார வைத்திருக்கிறதே, இதை என்ன சொல்ல. ஞாயிற்றுக்கிழமை தோறும் அவன் பின்கழுத்தையே பார்த்துக்கொண்டு மந்திரம் சொன்னாள். சிவந்த, மடிப்பு விழுந்த கழுத்து. ஜெபப் புத்தகத்தைக் கையில் விரித்து வைத்திருப்பான், எல்லாரும் பக்கம் திருப்பும்போது தானும் திருப்புவான், பெரிய பக்திமான். எங்கள் பாவங்களைப் பொறுத்தருளும். யார் பொறுப்பது? அவள் பொறுக்கவில்லை. ஒருநாள் அந்தப் பெண் திரும்பிப் பார்த்து, வாயில் பல் விழுந்த ஓட்டையோடு, எதுக்கு எங்க அப்பா கழுத்தையே பார்க்கறீங்க என்று கேட்டுவிட்டது, பூசை நடுவில், எல்லார் காதிலும் விழ. அப்பன் காது சிவந்துபோயிற்று. எறும்பு ஊர்ந்தது என்றாள் வால்புர்கா. எறும்பா, எங்கே, என்று அந்தப் பெண் பூசை முடியும் வரை அப்பன் கழுத்தில் எறும்பைத் தேடிக்கொண்டிருந்தது. நினைத்தால் சிரிப்பு வருகிறது. வரக் கூடாது. இதெல்லாம் எதற்கு இப்போது? புரட்டாதே, புர்கா, பழையதைப் புரட்டாதே. ஆனால் புரளுகிறது. தொண்டை அடைப்பான் வந்து நாலே நாளில் போய்விட்டது அந்தப் பெண், கோடை கடைசியில். செய்தி வந்த அன்று வால்புர்கா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். ஐயோ என்று வந்தது முதலில், அப்படியே வந்தது வாயில். அதற்குப் பிறகுதான் மற்றது வந்தது. ஆகட்டும், இப்போது தெரியட்டும். இது முதலில் வந்ததா அது முதலில் வந்ததா என்று பாவசங்கீர்த்தனத்தில் பாதிரியார் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

வந்தான் லாம்பெர்ட், நியாயமாகச் சொல்லப்போனால் மூன்று தடவை வந்தான், முன்பே, இங்கே குடியேறின புதிதில். இந்த வாசலில் வந்து தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். ஒரே ஒரு விஷயம் சொல்லணும் கோர்ட்ஸ் அம்மா, கேட்டுட்டு அப்புறம் அடிங்க, என்றான், வென்டலினின் குடும்பப் பெயரால் அவளைக் கூப்பிட்டு. முதல் தடவை நாயை அவிழ்த்துவிட்டாள். இரண்டாம் தடவை கதவைச் சாத்தினாள், மூக்கில் பட்டிருக்க வேண்டும், பட்டதும் சந்தோஷமாகத்தான் இருந்தது. மூன்றாம் தடவை துணி வெளுக்கச் சாம்பல் கரைத்து வைத்திருந்த சுடுதண்ணீரை முகத்தைப் பார்த்து ஊற்றினாள், ஒதுங்கிவிட்டான், கையில் மட்டும் பட்டது. மன்னிப்புக் கேட்பான், வேறென்ன சொல்லப்போகிறான். மன்னிப்பு கேட்டுவிட்டுப் போய் நிம்மதியாகத் தூங்குவான், அவள் முழித்துக்கொண்டு கிடக்க வேண்டும். அந்த வியாபாரமே வேண்டாம். அதற்குப் பிறகு வரவில்லை. இந்தத் தடவை வந்தது வென்டலினிடம், அவள் தோட்டத்தில் இருந்தபோது, பலகை வேண்டும் என்று. வென்டலின் சரி என்றுவிட்டான்! ஒரு வார்த்தை, வீட்டில் ஒருத்தி இருக்கிறாளே, அவளிடம் ஒரு வார்த்தை? செத்தது குழந்தை புர்கா, குழந்தைக்குப் பலகை மாட்டேன் என்று எப்படிச் சொல்வது, என்றான். கத்தினாள், தட்டை உடைத்தாள், இரண்டு நாள் பேசாமல் இருந்தாள், மூன்றாம் நாள் காலையில் திடீரென்று மனசு குளிர்ந்துபோயிற்று. வேலியோரத்தில் பழம் கொத்துக் கொத்தாகப் பழுத்திருந்தது. எழுதித் தருகிறேன், என்றாள். வென்டலின் அவளைக் கட்டிக்கொண்டு, நீ நல்லவ புர்கா, எனக்குத் தெரியும், என்றான். அவன் தோளில் முகம் வைத்துக்கொண்டு அவள் என்ன நினைத்தாள் என்பதை எந்தச் சாமியிடமும் சொல்ல முடியாது. எழுதும்போது வென்டலின் பக்கத்தில் உட்கார்ந்து மேலே பறவை வரைந்தான், வாயில் ஒரு கிளையோடு. பறவைக்குக் கீழே ஒரு நெளிகோடு போட்டான், அவன் எப்போதும் போடுகிற அலங்காரம், சுழி சுழியாக ஓரத்திலிருந்து ஓரம் வரை. அவன் கிண்ணத்தில் உண்மை நீலம். அவள் கிண்ணத்தில் பழச்சாறு. இரண்டும் கறுப்பு. குயவனுக்கு ஆறு மாசம், தடிக்காரனுக்கு அரை நாழிகை என்பார்கள். குயவன் பெண்டாட்டிக்குத் தடி கூட வேண்டியிருக்கவில்லை. எழுதி முடித்ததும் கை கழுவினாள், விரலில் கறை போகவில்லை, நாலு நாள் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை நற்கருணை வாங்கும்போது கையைப் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டாள்.

ஜாடிகள் தீர்ந்தன. இப்போது உள்ளே வென்டலின் இருமுவது தூரத்தில் கேட்டது, அடிச்சுவர் பக்கம் போய்விட்டான். எப்படி இருக்கும் லாம்பெர்ட்டின் முகம்? இதைத்தான் ராத்திரியும் பகலும் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். பலகையைத் தூக்கிப் பார்ப்பான், திருப்பிப் பார்ப்பான், பெயர் எங்கே என்பான். அப்போது சொல்ல வேண்டியது தயாராக இருக்கிறது, பால் கறக்கும்போது சொல்லிச் சொல்லிப் பழகினது: என் தங்கச்சி படுத்திருக்கிற இடத்துல யாரு பேரு எழுதினாங்க? அவ்வளவுதான். கத்தாமல், மெதுவாக. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. இனிமேல் அவன் ஒவ்வொரு தடவை கல்லறைக்குப் போகும்போதும் மொட்டைப் பலகையைப் பார்க்க வேண்டும். வேறு செய்துகொள்வான், சிலுவை நட்டுக்கொள்வான், செய்துகொள்ளட்டுமே, இந்தக் காலை மட்டும் மாறாது, இந்த ஒரு நிமிஷம் மகளுக்குப் பெயர் இல்லாமல் நின்றது மாறாது. அதுபோதும். போதுமா? போதும். ஆனால் அந்தப் பல் விழுந்த ஓட்டை. ஐயோ, போ அந்தப் பக்கம். நான் என்ன செய்தேன் என்று கேட்காதே. ஓடிலியா மட்டும் என்ன செய்தாள்? அவளுக்கும் சிரிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் குழி விழும், ஒரே பக்கம், கடவுள் அரைகுறையாகச் செய்துவிட்டுப் போய்விட்டார் என்று அப்பா கேலி செய்வார். அது யாருக்குத் தெரியும் இந்த நாட்டில்? வென்டலினுக்குக் கூட எந்தக் கன்னம் என்று மறந்துவிட்டது. அவளுக்கே சில நாள் சந்தேகம் வருகிறது, இடமா வலமா என்று. வலது கையால் தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

வென்டலின் பலகையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு முழங்காலால் நகர்ந்து வெளியே வந்தான். வெளிச்சத்தில் நிமிர்த்திப் பார்த்தான். பறவை பளிச்சென்று நீலம், நெளிகோடு நீலம், அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் பளபளவென்று வெறுமை. எழுத வாசிக்கத் தெரியாதவனுக்கும் இல்லாததைப் பார்க்கத் தெரியுமே. அவள் எழுதினதை அவன் பார்த்துக்கொண்டுதானே இருந்தான். அவளை நிமிர்ந்து பார்த்தான். முகம் மெல்ல மெல்ல வேறு யாருடைய முகமோ ஆயிற்று. "என்ன பண்ணிட்டே புர்கா?" என்றான், உதடு மட்டும் அசைய. பின்னால் காலடிச் சத்தம். லாம்பெர்ட் வந்துவிட்டான், தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு. இளைத்துப் போயிருந்தான், சட்டை தோளில் தொங்கியது. வென்டலினின் கையிலிருந்து பலகையை இரண்டு கையாலும் வாங்கி, வண்டிப் படியில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் மண்டியிட்டான். இதோ. வால்புர்கா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அவன் பறவையைத் தொட்டான். பிறகு ஒரு விரலை அந்த நெளிகோட்டின் தொடக்கத்தில் வைத்து, சுழி சுழியாக, அவசரப்படாமல், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை ஓட்டிக்கொண்டு போனான்.

"எவ்வளவு நீளமா வந்திருக்கு அவ பேரு," என்றான். கண்ணில் நீர் முட்டியது. "சின்னப் பேருதானேன்னு நினைச்சிட்டிருந்தேன். அழகா எழுதியிருக்கீங்க கோர்ட்ஸ் அம்மா. எனக்கு எழுத்து தெரியாது. ஒரே ஒரு தடவை வாசிச்சுக் காட்டிடுங்க, எந்தச் சுழி எந்தச் சொல்லுன்னு. அப்புறம் நானே விரலை வச்சுச் சொல்லிக்குவேன்."

வாசிக்கத் தெரியாதா? அப்படியானால் ஜெபப் புத்தகம்? ஒன்பது வருஷம் பக்கம் பக்கமாகத் திருப்பினானே! கூட்டத்தோடு சேர்ந்து சும்மா திருப்பியிருக்கிறான், வெட்கத்துக்கு. பால் கறந்துகொண்டே பழகின வாக்கியம் தொண்டையில் இருந்தது, ஆனால் எதற்குப் பதிலாக அதைச் சொல்வது, இவன் கேட்கவே இல்லையே, பெயர் எங்கே என்று இவன் கேட்டால் அல்லவா சொல்ல முடியும். சந்தோஷப்படுகிறான், பாவி, வெறுங்கோட்டைத் தடவிக்கொண்டு சந்தோஷப்படுகிறான்! வாசித்துவிடலாம். ஆஃப்ரா, எட்டு வயது, ஆண்டவரில் துயில்கிறாள். இரண்டு மூச்சில் முடிந்துவிடும். ஏற்றிக்கொண்டு போவான், ஞாயிற்றுக்கிழமை எழுத்துத் தெரிந்தவன் எவனாவது பார்த்துச் சொல்வான், இன்னும் நல்லது, ஊர் நடுவில் தெரிந்துகொள்வான். வாயைத் திறந்தாள். பலகையைப் பார்த்தாள். அந்த வெறுமை பளபளத்துக்கொண்டு கிடந்தது, ஒன்றுமே எழுதாத இடம், எதை வேண்டுமானாலும் வாசிக்கலாம் போல. அவள் வாய் தானாக வாசித்தது. "ஓடிலியா பிரில். பதினாறு வயது."

வென்டலின் கண்ணை மூடிக்கொண்டான். லாம்பெர்ட்டின் விரல் கோட்டின் நடுவில் நின்றது. பிறகு எழுந்தான், முழங்கால் மண்ணைத் தட்டவில்லை. "அது உங்க தங்கச்சி பேரு," என்றான். "எம் பொண்ணு பேரு ஆஃப்ரா. இதுல என்னதான் எழுதியிருக்கு?"

"ஒண்ணும் எழுதலை," என்றாள் வால்புர்கா. "அது வெறும் கோடு. அவ பேரைப் பழச்சாறுல எழுதினேன். எரிஞ்சிடிச்சு."

"எரியும்னு தெரியாமலா?"

"தெரிஞ்சுதான்."

லாம்பெர்ட் கையை ஓங்கினான். அடிப்பான் என்று நினைத்தாள், அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தாள், கன்னத்தைத் திருப்பக்கூட இல்லை. வென்டலின் குறுக்கே வந்தான். ஓங்கின கை மெல்ல இறங்கியது, அந்தக் கையின் மேல்பக்கம் சுடுதண்ணீர் பட்ட தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. "எம் பிள்ளை உனக்கு என்ன செஞ்சா?" என்றான். 'நீங்க' என்கிற மரியாதை போய்விட்டது. "என்னை ஏதாவது செஞ்சிருக்கலாமே. சூளையில தள்ளியிருக்கலாமே. மூணு தடவை உன் வாசலுக்கு வந்தேன். என்ன சொல்ல வந்தேன்னு ஒரு தடவையாவது கேட்டியா? ஆமா, நான்தான் கப்பல்காரன்கிட்டே சொன்னேன். எனக்குப் பயம். அதை இல்லேன்னு சொல்ல வரலை. கப்பல்காரங்க அவளைத் தொட மாட்டேன்னாங்க. கரைக்குப் போட்ட ஏணிப்பலகை வழியா உருட்டிவிடப் பார்த்தாங்க. நான்தான் தூக்கிட்டுப் போனேன், இந்தக் கையில. மேட்டு மேல ஒரு வீடு இருந்தது. ஒரு பொம்பளை கதவைத் திறந்தா. தங்கச்சியைப் படுக்க வச்சதை என் கண்ணால பார்த்துட்டுத்தான் ஓடிவந்தேன், கப்பல் மணி அடிச்ச பிறகு. அந்தத் துறைக்கு என்ன பேருன்னு எனக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரன் பேரு தெரியும். அக்காகிட்டே சொல்லுன்னு உன் தங்கச்சி ஒரு வார்த்தை சொன்னா, அதையும் வச்சிருக்கேன். ஒன்பது வருஷமா வச்சிருக்கேன். இன்னிக்குப் பலகையை வாங்கிட்டு எப்படியாவது சொல்லிடணும்னு வந்தேன்."

வால்புர்கா வண்டிச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள். படுக்க வைத்தார்கள். ஒரு பொம்பளை. கதவு. கரையில் கிடக்கவில்லை, நரி இழுக்கவில்லை, ஒரு வீடு, ஒரு மேடு, ஒரு பெயர், அமெரிக்காவில் ஒரு இடம். ஒரு வார்த்தை. என்ன வார்த்தை? தண்ணீர் கேட்டிருப்பாளா, அவள் வெந்நீர் எடுக்கப் போனது தெரிந்திருக்குமா, விட்டுவிட்டுப் போய்விட்டாள் அக்கா என்று நினைத்திருப்பாளா, அதுவா, அதைத்தான் சொன்னாளா? "என்ன சொன்னா?" என்றாள். அது அவள் குரல் மாதிரியே இல்லை. "எந்தத் துறை? சொல்லு. லாம்பெர்ட், சொல்லு."

"மாட்டேன்," என்றான் லாம்பெர்ட்.

சத்தம் போடாமல்தான் சொன்னான். அவள் தனக்கென்று பழகி வைத்திருந்த அதே நிதானத்தில், கத்தாமல், மெதுவாக. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய் வண்டியில் ஏறினான். பலகை படியிலிருந்து சரிந்து புல்லில் விழுந்தது, உடையவில்லை, அதை அவன் திரும்பியும் பார்க்கவில்லை. வேறு எழுதித் தருகிறேன், என்றாள் வால்புர்கா, அவன் பின்னாலேயே ஓடி, இன்றைக்கே மண் பிசைகிறோம், நல்ல நீலத்தில், பத்துப் பலகை வேண்டுமானாலும், கோயில் சுவர் அளவுக்கு வேண்டுமானாலும். உன் கை எழுதினது எனக்கு வேண்டாம், என்றான் அவன், கடிவாளத்தை அவிழ்த்துக்கொண்டே. புர்கா, விடு, போகட்டும், அவன் மனசு ஆறினதும் நான் போய்ப் பேசுகிறேன், என்று வென்டலின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்னால் நின்று கூப்பிட்டான். ஆறுமா? ஆறாது. ஒன்பது வருஷத்தில் ஆறாது, அது அவளைவிட யாருக்குத் தெரியும். இவன் அதை எடுத்துக்கொண்டு செத்துப்போவான். ஒரு ஜுரம் போதும், ஒரு மரம் விழுந்தால் போதும். இத்தனை வருஷம் சாக வேண்டும் சாக வேண்டும் என்று வேண்டிக்கொண்ட ஆளை இனி யாராவது கண்ணில் வைத்துக் காக்க வேண்டுமே. சக்கரம் நகர்ந்தது. அவள் பாவாடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு, படியில் கால் வைத்து, வண்டியில் ஏறி, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"இறங்கு," என்றான் லாம்பெர்ட்.

அவள் வண்டி ஆசனத்தின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "இறங்குன்னு சொன்னேன்," என்றான். கழுதை பாட்டுக்கு நடந்தது. அவள் இறங்கவில்லை.